குரோமோசோமின் முனையும் குருதிப் புற்றுநோயும்

அறிவியலைத் தமிழில் எடுத்துரைத்தல் அறிவியல் துறையினரின் கடமை மட்டுமன்று. தமிழ்த்துறையினரின் கடமையும் ஆகும். சொல் தெளிவில்லாத இடத்தில் அச்சம் குடிபுகுந்துவிடுகிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஒரு வீட்டில் 'இரத்தப் புற்று' என்னும் சொல் ஒலித்துவிட்டால், அவ்வீட்டிற்கு வருவோர் இரண்டு வினாக்களைக் கேளாமல் போவதில்லை. 'இது ஒட்டிக்கொள்ளுமா?' என்பது ஒன்று. 'இது வம்சத்தில் வருமா?' என்பது மற்றொன்று.

முதல் வினாவிற்கு விடை எளிது. தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே பாயில் உறங்குவதாலோ இந்நோய் ஒட்டாது. இரண்டாவது வினாவிற்கு அத்துணை எளிதாக விடை கூற இயலாது. பெரும்பாலான குருதிப் புற்றுநோய்கள் வழிவழியாக வருவன அல்ல. மிகச் சில குடும்பங்களில் மட்டும் அந்நோய்க்கு இடந்தரும் இயல்பு வழிவழியாக வருகிறது. 'பெரும்பாலான', 'மிகச் சில' என்னும் இவற்றின் வேறுபாடு விளங்காமையால், நோயுற்ற பிள்ளையின் அக்காளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோகிறது. அதற்கு அஞ்சிய குடும்பம் தன் பழைய நோய்களை ஊரிடம் மட்டுமின்றி மருத்துவரிடமும் மறைக்கிறது. ஊரிடம் மறைப்பது அவரவர் உரிமை. மருத்துவரிடம் மறைப்பது உயிருக்கு ஊறு. ஏன் ஊறு என்பதைக் குரோமோசோமின் முனைபற்றிய அறிவு நமக்கு விளக்குகிறது. அதனை ஈண்டுக் காண்போம்.

முனையில் இருப்பது யாது?

நம் உடலின் உயிரணுக்களில் பொதுவாக 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. மரபுச் செய்தி எழுதப்பட்ட நூலிழைகள் இவை எனலாம். இழை ஒன்றிற்கு இரண்டு முனைகளாக மொத்தம் 92 முனைகள். கோரைப் பாயை நெய்து முடித்தவர் அதன் ஓரத்தை மடித்துக் கட்டாமல் விடுவதில்லை. கட்டாவிடில் கோரை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு பாய் முழுவதும் பிரிந்துவிடும். அத்தகைய ஓரக்கட்டே குரோமோசோமின் முனையில் உள்ள டெலோமியர். கிரேக்க மொழியில் 'முனைக்கூறு' என்பது அதன் பொருள்.

மரபெழுத்துகள் நான்கு. அவற்றுள் மூன்று வகையால் ஆகிய டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி என்னும் ஆறெழுத்துத் தொடர் மனிதனின் குரோமோசோம் முனையில் ஆயிரக்கணக்கான முறை அடுக்கி வருகிறது. யாப்பில் பொருள் தராது ஓசை நிரப்பும் அசைச்சொல் போன்றது இது. தனக்கெனச் செய்தி எதனையும் கொண்டிராவிடினும், உள்ளே இருக்கும் செய்தியைக் காத்து நிற்கிறது. குழந்தை பிறக்கும்போது வெள்ளணுக்களில் இம்முனையின் நீளம் ஏறத்தாழ 10,000 எழுத்துகள். உயிரணு ஒருமுறை பிளவுறுந்தோறும் 50 முதல் 200 எழுத்துகள்வரை தேய்கின்றன.

இத்தேய்வு குருதியில் பெரிதும் உணரப்படுவதற்குக் காரணம் உண்டு. எலும்பு மஜ்ஜை ஓயாது இயங்கும் ஆலை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடிச் சிவப்பணுக்களை அது உருவாக்குகிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இக்கணக்கிற்குப் புறம்பானவை. இத்துணைப் பிளவுகள் நிகழுமிடத்தில் முனையின் அளவு பிறழ்ந்தால், அதன் விளைவு முதலில் அங்கேதான் தலைகாட்டும் என்பதில் வியப்பில்லை.

கண்டறிந்த வரலாறு

பழ ஈக்களை ஆராய்ந்த ஹெர்மன் முல்லர் 1938ஆம் ஆண்டில் இம்முனைக்குப் பெயரிட்டார். மக்காச்சோளத்தை ஆராய்ந்த பார்பரா மக்ளின்டாக், முறிந்த குரோமோசோம்களின் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும், இயல்பான முனைகள் அவ்வாறு ஒட்டாமையையும் கண்டார். 1961இல் லியனார்டு ஹேஃப்ளிக், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித உயிரணுக்கள் நாற்பது முதல் அறுபது முறை பிளவுற்றபின் நின்றுவிடுகின்றன என்று நிறுவினார். அவை ஏன் நிற்கின்றன என்பது அன்று விளங்கவில்லை.

மாஸ்கோவில் அலெக்சி ஒலோவ்னிகோவ் என்பார், ஹேஃப்ளிக்கின் ஆய்வு குறித்த சொற்பொழிவைக் கேட்டுத் திரும்பும் வழியில் சுரங்க ரயில் நிலையத்தில் நின்றிருந்தார். வண்டி வந்து நின்றது. அக்காட்சியே அவருக்கு விடையைத் தந்தது. ஐந்து திசைகளில் தண்டவாளம் பிரியும் விழுப்புரம் சந்திப்பை அறிந்த நமக்கு அவருடைய கருத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. தண்டவாளத்தின் தொடக்கத்தில் ஒரு வண்டி நிற்கிறது. ஓடும்போதே தன் முன்னுள்ள தண்டவாளத்தை அது படியெடுத்துக்கொண்டு செல்கிறது என வைத்துக்கொள்வோம். புறப்படும்போது வண்டியின் அடியில் மறைந்துகிடக்கும் துண்டு படியில் ஏறாது. ஆகவே ஒவ்வொரு படியும் மூலத்தைவிடச் சற்றுக் குறுகியதாகவே அமையும். குரோமோசோமைப் படியெடுக்கும் நொதிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு என்று 1971இல் அவர் எழுதினார்.

அவ்வாறாயின் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து மனித இனமே அற்றுப்போயிருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நேராமையின் காரணத்தைக் காட்டியது குளத்து நீரில் வாழும் ஒற்றையணு உயிராகிய டெட்ராஹைமினா. எலிசபெத் பிளாக்பர்ன், ஜோசப் கால் என்னும் இருவரும் 1978இல் அதன் முனைத்தொடரைப் படித்தறிந்தனர். 1984இல் பிளாக்பர்னின் மாணவியாகிய கேரல் கிரைடர், தேய்ந்த முனையை மீண்டும் நீட்டும் நொதி ஒன்றைக் கண்டார். அதன் பெயர் டெலோமிரேஸ். டெர்க் என்னும் மரபணு தரும் அச்சும், டெர்ட் என்னும் மரபணு தரும் புரதமும் சேர்ந்தே அந்நொதி ஆகிறது. கருவணுக்களில் அது முழுமையாக இயங்குகிறது. மஜ்ஜையின் தண்டணுக்களில் சிறிதளவு இயங்குகிறது. பிற உயிரணுக்கள் பெரும்பாலானவற்றில் உறங்குகிறது.

இக்கண்டுபிடிப்புக்காகப் பிளாக்பர்ன், கிரைடர், ஜேக் ஷோஸ்டாக் ஆகிய மூவரும் 2009ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் வேதியியலுக்கான பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் விழுப்புரத்திற்குத் தெற்கே உள்ள சிதம்பரத்தில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவது.

முனை குறுகிய குடும்பங்கள்

டெலோமிரேஸை ஆக்கும் மரபணுக்களில் பிறவியிலேயே பழுதிருந்தால் யாது நேரும்? இதற்கு விடையாக அமைந்தது 'டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிடா' என்னும் அரிய நோய். நகங்கள் சிதைதல், கழுத்திலும் மார்பிலும் வலைபோன்ற கருந்தேமல், வாயினுள் வெண்திட்டு என்னும் மூன்றும் அதன் அடையாளங்கள். இந்நோயுற்றோர் பலருக்கு இளமையிலேயே மஜ்ஜை செயலிழக்கிறது. இந்நோய்க்குரிய மரபணு ஒன்று 1998இல் அறியப்பட்டது. 2001இல் டெர்க் மரபணுவின் பழுதும் இதற்குக் காரணம் எனக் காணப்பட்டது. மேற்கூறிய அடையாளம் எதுவுமின்றி மஜ்ஜை மட்டும் செயலிழந்தோர் சிலரிடத்தும் டெர்ட் மரபணுவின் பழுது இருப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

முனை தேய்ந்த தண்டணுக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோக, எஞ்சிய சிலவே ஆலை முழுவதையும் நடத்த வேண்டியதாகிறது. அவற்றுள்ளும் கட்டுப்பாட்டை மீறிய ஓரணு தோன்றினால், போட்டியில்லாத அவ்விடத்தில் அதன் வழித்தோன்றல்களே நிறைந்துவிடுகின்றன. ஓரம் அவிழ்ந்த குரோமோசோம்களோ ஒன்றோடொன்று ஒட்டிப் பிளவின்போது முறிகின்றன. மஜ்ஜை பிறழ்வு நோயும், அதன் முதிர்ச்சியாகிய மைலாய்டு வகைக் கடுங்குருதிப் புற்றும் இவ்வழியில் வருகின்றன.

ஈண்டு ஊன்றிக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இக்குடும்பங்களில் பழுதுற்ற மரபணு மட்டுமன்றி, தேய்ந்த முனையும் பிள்ளைக்குச் செல்கிறது. ஆகவே நோய் தலைமுறைதோறும் முன்கூட்டியே வருகிறது. அதன் வடிவமும் மாறுகிறது. பாட்டனாருக்கு முதுமையில் நுரையீரல் தழும்பேறி மூச்சு முட்டியிருக்கலாம். தந்தையார் மதுவைத் தொடாதவராயினும் அவருக்குக் கல்லீரல் சுருங்கியிருக்கலாம். இருபது வயதிலேயே தலை நரைத்திருக்கலாம். பேரனுக்கோ பள்ளிப் பருவத்திலேயே குருதி வற்றலாம். ஊரார் கண்ணுக்கு இவை மூன்று வேறு நோய்கள். அறிந்த மருத்துவரின் கண்ணுக்கு ஒரே நோயின் மூன்று தோற்றங்கள். அந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல வல்லவர் குடும்பத்து மூத்தோர் மட்டுமே. இளநரை பலருக்கும் வருவது. அது மட்டும் நோயின் அறிகுறி ஆகாது. மேற்கூறியவற்றோடு சேர்ந்து வரும்போதே அதற்குப் பொருள் உண்டு.

முனை நீண்ட குடும்பங்கள்

குறுகினால் தீங்கு எனில், நீண்டால் நன்று என்று எண்ணத் தோன்றும். ஆண்டு பல ஆகியும் நரையில்லாதிருந்த பிசிராந்தையார் அதற்குக் கூறிய காரணங்களைப் புறநானூற்றில் படித்து மகிழ்ந்தோர் நாம். நரையின்மையை நற்பேறு என்றே நாம் கருதி வந்துள்ளோம். அறிவியலோ அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு என்கிறது.

பாட் ஒன் என்னும் மரபணு தரும் புரதம் முனையைப் போர்த்திக் காப்பதோடு, டெலோமிரேஸ் அளவுமீறி நீட்டாதவாறும் தடுக்கிறது. அம்மரபணு பழுதுற்றால் முனை நீண்டுகொண்டே போகும். அத்தகைய குடும்பங்களை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். எழுபது வயதைக் கடந்தும் தலை நரைக்காதோர் சிலர் அவர்களிடையே இருந்தனர். ஆயினும் கட்டிகளும் புற்றுகளும் அவர்களுக்கு மிகுதி. ஓரணுவின் வழித்தோன்றல்களே குருதியில் பெருகியிருக்கும் நிலையும் அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. இந்நிலை தானே புற்றுநோய் ஆகாது எனினும், புற்றுநோய் முளைத்தற்கு ஏற்ற நிலமாகும். நிணவணுக்களில் மெல்ல வளரும் நாட்பட்ட குருதிப் புற்று சில குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருவதற்கும் பாட் ஒன் பழுது ஒரு காரணம் என 2016இல் அறியப்பட்டது.

இதன் காரணமும் விளங்கத்தக்கதே. நெடுநாள் வாழ்ந்து பலமுறை பிளவுறும் அணு, அத்தனை முறையும் எழுத்துப்பிழைகளைச் சேர்த்துக்கொள்கிறது. முனை தேய்வதால் நிகழும் ஓய்வு, பிழை மலிந்த அணு பெருகாமல் தடுக்கும் வேலியும் ஆகிறது. முனை நீண்டால் அவ்வேலி தாமதமாகவே அடைபடுகிறது. புற்றுநோய்களுள் நூற்றுக்கு 85 முதல் 90 வரை, உறங்கும் டெலோமிரேஸை எழுப்பியே வாழ்கின்றன என்பது இதனை வலியுறுத்தும்.

காரணம் எது? விளைவு எது?

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். குருதிப் புற்றணுக்கள் விரைந்து பிளவுறுவன. ஆதலின் அவற்றின் முனை தானே தேயும். நோயாளியின் குருதியை எடுத்து அளந்து, முனை குறுகியதால் நோய் வந்தது என்று கூறினால் அது தவறான முடிவாகலாம். நோயால் முனை குறுகியதா, முனை குறுகியதால் நோய் வந்ததா?

திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை நம் உழவர் அறிவர். டி.எம்.வி. 7 என்னும் நிலக்கடலை வகையின் பெயரில் திண்டிவனம் அடங்கியுள்ளது. விதையின் வகை விதைக்குமுன்பே உறுதியாகிவிடுகிறது. மழையும் எருவும் பின்னர் வருவன. ஆகவே ஒரு வகை விதை பல நிலங்களிலும் மிகுந்த விளைச்சல் தந்தால், விதையால் விளைச்சல் மிகுந்தது எனலாமேயன்றி, விளைச்சலால் விதை மாறியது எனல் ஆகாது. மனிதரிடத்தும் இம்முறையையே அறிஞர் கையாண்டனர். முனையின் நீளத்தைச் சிறிது கூட்டும் மரபெழுத்து வேறுபாடுகள் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. பின்னர் வரும் நோய் அவற்றை மாற்றாது. அவ்வேறுபாடுகளை மிகுதியாகப் பெற்றோர்க்கு எந்நோய் மிகுதி என்று எண்ணிப் பார்த்தால் காரணம் எது, விளைவு எது என்பது துலங்கும். மெண்டலின் பெயரால் வழங்கும் ஆய்வுமுறை இது.

இங்கிலாந்தில் 4,70,000க்கும் மேற்பட்டோரின் முனைநீளத்தை அளந்து 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அந்நீளத்தோடு தொடர்புடைய 138 இடங்களை மரபுத்தொகுதியில் சுட்டியது. இத்தகைய ஆய்வுகள், மரபால் நீண்ட முனையுடையோர்க்கு நிணவணு வகை நாட்பட்ட குருதிப் புற்று, மஜ்ஜைப் புற்றாகிய மைலோமா ஆகியவற்றின் வாய்ப்புச் சற்று மிகுதி எனக் காட்டுகின்றன. அதே நீளம் இதயக் குருதிக்குழாய் நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது என 2017இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கும் கணக்கு இது. இவ்வாய்வுகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய மரபினர் என்பதையும், பொதுவான இவ்வேறுபாடுகள் தனியொருவருக்கு விளைக்கும் மாற்றம் மிகச் சிறிது என்பதையும் மறத்தல் கூடாது.

நாம் செய்யத்தக்கன

இதுகாறும் கண்டவற்றால் நமக்குச் சில கடமைகள் புலனாகின்றன.

முதலாவது, குருதி வற்றுதல், அடிக்கடி காய்ச்சல், காரணமின்றித் தோலில் இரத்தக் கன்றல் ஆகியவற்றோடு ஒருவர் மருத்துவமனை செல்லும்போது, குடும்பத்தில் யாருக்கு நுரையீரல், கல்லீரல், மஜ்ஜை நோய்கள் இருந்தன என்பதை ஒளிக்காமல் கூறுதல் வேண்டும். நெருங்கிய உறவில் மணந்தவர்கள் அதனையும் கூறுதல் நலம். ஐயம் தோன்றின் முனையின் நீளத்தை வயதோடு ஒப்பிட்டு அளக்கும் சோதனையும், மரபணுச் சோதனையும் உள்ளன.

இச்செய்தி மருத்துவ முறையையே மாற்றவல்லது. முனை குறுகிய நோயாளியின் உடல் கதிர்வீச்சையும் கடும் மருந்துகளையும் தாங்காது; அவருக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றில் மருந்தின் அளவைக் குறைத்தாக வேண்டும். மஜ்ஜை தர முன்வரும் உடன்பிறந்தாரிடமும் அதே பழுது மறைந்திருக்கலாம். அதனைச் சோதியாமல் மாற்றினால் பழைய பழுதே புது இடத்திற் குடிபுகும். வம்சப்பேச்சுக்கு அஞ்சிப் பாட்டனாரின் மூச்சுநோயை மறைத்த குடும்பம், அறியாமலே பேரனின் உயிரைப் பணயம் வைக்கிறது என்று நாம் கூறுவது இதனாற்றான்.

இரண்டாவது, சிகிச்சைக்கான வழிகள் நமக்கு அண்மையிலேயே உள்ளன. விழுப்புரத்திலிருந்து பிரியும் தண்டவாளங்களுள் ஒன்று புதுச்சேரிக்குச் செல்கிறது. அங்கே ஜிப்மர் உள்ளது. மற்றொன்று திருவண்ணாமலை வழியே காட்பாடிக்குச் செல்கிறது. அதனையடுத்த வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986ஆம் ஆண்டிலேயே மஜ்ஜை மாற்றைத் தொடங்கியது. இன்னொன்று திண்டிவனம் வழியே சென்னைக்குச் செல்கிறது. அங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் உள்ளது.

மூன்றாவது, உடன்பிறந்தார் பொருந்தாதபோது அயலார் ஒருவரின் தண்டணுவே உயிர் காக்கும். சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட தாத்ரி என்னும் அமைப்பு, விரும்பித் தருவோரின் பெயர்களைப் பதிவு செய்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்தால் பதிவுக்குப் போதும். குருதிக்கொடை முகாம்களில் முன்னிற்கும் நம் மாணவர்கள் இதனையும் மேற்கொள்ளத்தக்கவர்களே.

நான்காவது, முனையை நீட்டி இளமை தரும் என்று விலைகூறும் மாத்திரைகளை நம்புதல் கூடாது. முனை குறுகிய நோயாளிகளுக்கு டானசால் என்னும் மருந்து கொடுத்து முனை நீண்டதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மையே. அது நோயாளிக்கு மருத்துவர் மேற்பார்வையில் தரப்பட்டது; பக்கவிளைவுகளும் உடையது. நலமுள்ளவர் முனையை நீட்ட முயல்வது, மேலே கண்டவாறு, வேலியைத் தாமே பிடுங்குவதாக முடியலாம்.

ஐந்தாவதும் இன்றியமையாததும் ஆவது, மணப்பேச்சில் நீதி. ஒரு வீட்டில் ஒருவருக்குக் குருதிப் புற்று வந்ததனால் அவ்வீட்டுப் பெண்ணை ஒதுக்குவதற்கு அறிவியலில் இடமில்லை. அரிதாகப் பழுதுற்ற மரபணு உள்ள குடும்பத்திலும், தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்தே வரும் வகையில், ஒரு பிள்ளைக்கு அது செல்லும் வாய்ப்புப் பாதியே. சென்றாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. மரபணு கூறுவது வாய்ப்பை, தீர்ப்பை அன்று.

கூடினாலும் குறைந்தாலும் நோய் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் தொடங்கும் கருத்து. திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயம் தராசினைச் சுட்டி, அளவில் வரம்பு மீறலாகாது என்று அறிவுறுத்துகிறது. உயிரணுவின் நுனியிலும் அந்த அளவே ஆட்சி செய்கிறது என்பதைக் கண்டு வியக்கும் நாம், பிறர் குடும்பத்து நோயைப் பேசும் பேச்சிலும் அவ்வளவைக் கடைப்பிடிப்போமாக. சொல்லவேண்டிய இடம் மருத்துவரின் அறை. சொல்லாது விடவேண்டிய இடம் திருமண வீட்டின் திண்ணை.